நான் நிறுத்தாத வண்டி

என் வீட்டுக்காரர் சிங்கப்பூரிலிருந்து எதை அனுப்பினாலும் கூடவே ஒரு வரி எழுதுவார். சாப்பாட்டுத் தட்டைப் படம் எடுத்து அனுப்பினால்கூட "இன்னிக்கும் கோழிதான், பொறாமைப்படாத" என்று கீழே இருக்கும். அந்தத் திங்கட்கிழமை காலையில் ஒரு ஸ்கிரீன்ஷாட் மட்டும் வந்தது. கூட ஒரு எழுத்து இல்லை.

நான் அப்போது லேபில் இருந்தேன். பெரம்பலூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தில் எனக்கு டெக்னீஷியன் வேலை. திங்கட்கிழமை காலை என்றால் முந்தின நாள் கறி தின்றுவிட்டுச் சர்க்கரை பார்க்க வந்தவர்கள் வாசல் வரைக்கும் உட்கார்ந்திருப்பார்கள். எல்லோருக்கும் வெறும் வயிறு, எல்லோருக்கும் கோபம். ஒருவர் கையில் ரப்பர் பட்டையைக் கட்டிவிட்டு நரம்பைத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தபோது மேசையில் இருந்த போன் ஒளிர்ந்தது. ஓரக்கண்ணால் பார்த்தேன். என் ஸ்கூட்டரின் நம்பர் தெரிந்தது.

கூட்டம் குறைந்த பிறகு நிதானமாகப் படித்தேன். டிராஃபிக் போலீஸ் அபராதம். வண்டி நிறுத்தக் கூடாத இடத்தில் நிறுத்தியது. தேதி, ஞாயிற்றுக்கிழமை. நேரம், காலை பதினோரு மணிக்கு மேல். ஊர், பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற ரோட்டில் நடுவில் இருக்கும் ஒரு ஊர். அதன் பெயரை நான் எழுதப் போவதில்லை. அங்கே வேலை பார்க்கிற போலீஸ்காரர்களுக்கும் பிள்ளை குட்டி இருக்கிறது.

படித்ததும் பயந்துபோனேன். அபராதத்துக்காக இல்லை, அது சின்னத் தொகைதான். அந்த ரோட்டை நினைத்துத்தான்.

என் மாமியாருக்கு இரண்டு பையன்கள். மூத்தவர் அந்த அரியலூர் ரோட்டில்தான் செத்துப்போனார். சிமெண்ட் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றிப் போன லாரி, பைக்கில் போன அவர் மேல் ஏறிவிட்டது. எனக்குக் கல்யாணம் ஆன புதிது அது. அதற்கப்புறம் எங்கள் வீட்டில் அந்த ரோட்டின் பேரை யாரும் எடுப்பதில்லை. டிவியில் எங்கேயோ லாரி விபத்து என்று செய்தி வந்தால்கூட மாமியார் எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவார்.

நாங்கள் இருப்பது வேப்பந்தட்டைப் பக்கம் ஒரு ஊரில். எனக்கு லேபில் வேலை கிடைத்தபோது காலை ஏழு மணிக்கெல்லாம் வந்து நிற்க வேண்டும் என்று சொல்லித்தான் எடுத்தார்கள். அந்த நேரத்துக்குப் போய்ச் சேர எங்கள் ஊரிலிருந்து பஸ் கிடையாது. லீவில் வந்திருந்த என் கணவர் ஸ்கூட்டர் வாங்கித் தந்தார். வண்டி அவர் பேரில், அதில் கொடுத்திருந்த போன் நம்பரும் அவருடையது. சாவியை என் கையில் கொடுக்கும்போது மாமியார் பக்கத்தில் நின்றுகொண்டு, "பெரம்பலூர் வரைக்குந்தான். அதுக்கு அந்தாண்ட இந்த வண்டி போவக் கூடாது" என்றார். நான் சரி என்றேன். சூடம் அணைத்துச் சத்தியம் எல்லாம் பண்ணவில்லை. நான் சரி என்றால் சரிதான், அப்படித்தான் என்னைப் பற்றி எனக்கு நினைப்பு.

என் அம்மா இருப்பது கீழப்பழுவூரில். அரியலூரையும் தாண்டிப் போக வேண்டும். மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்மாவைப் பார்க்கப் போவேன். வண்டியைப் பெரம்பலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் இருக்கும் சைக்கிள் ஸ்டாண்டில் போட்டுவிட்டு பஸ் ஏறுவேன். சாயங்காலம் திரும்பி வந்து டோக்கனைக் கொடுத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போவேன். ஒரு தடவைகூட இதை மாற்றியதில்லை. அந்த ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான் போனேன்.

சிக்கலே அதில்தான். அந்த ரோட்டில் அன்றைக்கு நான் போனது உண்மை. அந்த ஊர் பஸ் ஸ்டாண்டில் பஸ் நின்றதும் உண்மை, பதினோரு மணிக்கு மேல்தான் அதுவும். ஜன்னல் வழியாக வெள்ளரிப்பிஞ்சு வாங்கித் தின்றேன். அந்தப் பக்கமே போகவில்லை என்றால் அடித்துச் சொல்லிவிடலாம். போனேன், ஆனால் வண்டியில் போகவில்லை என்று சொல்லும்போது எனக்கே அது சமாளிக்கிற பேச்சு மாதிரி கேட்டது.

மத்தியானம் அவரைக் கூப்பிட்டேன். எடுக்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து துணி மடித்துக்கொண்டிருந்தபோது அவரே கூப்பிட்டார். போனை ஸ்பீக்கரில் போட்டுக் கட்டிலில் வைத்தேன். எங்கள் வீட்டில் அவர் போன் எப்போதும் ஸ்பீக்கரில்தான். மாமியாரும் கேட்க வேண்டும்.

"பாத்தியா?" என்றார்.

"பாத்தேன். தப்பா வந்திருக்குங்க. நான் பஸ்லதான் போனேன்."

"ம்."

"ம்னா என்ன அர்த்தம்?"

"சரி விடு. நான் பாத்துக்கறேன்."

"என்னத்தப் பாத்துக்குவீங்க? வண்டி பெரம்பலூர்ல ஸ்டாண்டுல கெடந்துச்சு. நான் போயி என்னான்னு கேக்கறேன். நீங்க பாட்டுக்குப் பணத்தக் கட்டிடாதீங்க. கட்டினா நான் வண்டில போனேன்னு நாமளே ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடும்."

"ம்."

அவர் கத்தியிருந்தால் நானும் பதிலுக்குக் கத்தியிருப்பேன், விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். எங்கள் சண்டையெல்லாம் அப்படித்தான் முடியும். இந்த "ம்" எனக்குப் பழக்கமில்லாதது. போனை வைத்துவிட்டுத் திரும்பினால் மாமியார் நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தார். மடித்த துணியை எடுத்துக்கொண்டு போய் அலமாரியில் வைத்தார்.

மறுநாள் காலை சாவி ஆணியில் இல்லை. தேடிப் பார்த்தால் சாமி அலமாரியில், மூத்தவர் படத்துக்கு முன்னால் இருந்தது. எடுக்கப் போனேன்.

"அங்கயே இருக்கட்டும்" என்றார் மாமியார்.

"அத்தை, ஏழு மணிக்கு நான் லேபுல நிக்கணும்."

"பஸ்ல போ. வெள்ளிக்கிழம என் தங்கச்சி மவன் வரான். வண்டிய அவன் ஓட்டிக்கிட்டுப் போவட்டும். இந்த வூட்டுக்கு வண்டியும் வேணாம் ஒண்ணும் வேணாம்."

"நான் வண்டில போவல அத்தை. சத்தியமா பஸ்லதான் போனேன்."

அவர் என்னைப் பார்க்கவே இல்லை. படத்தில் இருந்த மாலையைச் சரி பண்ணிக்கொண்டிருந்தார். அவரோடு எப்படிச் சண்டை போடுவது? பிள்ளையைப் பறிகொடுத்தவர். படத்துக்கு முன்னால் இருக்கும் சாவியைப் பிடுங்கிக்கொண்டு போக எனக்குத் தைரியம் வரவில்லை. ஆனால் வண்டி போனால் வேலை போகும். வேலை போனால் நான் மறுபடியும் அந்த வீட்டில் காலை முதல் ராத்திரி வரை அவர் அழுவதைக் கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டும். எனக்கு வெள்ளிக்கிழமை வரைக்கும்தான் நேரம் இருந்தது.

அன்றைக்கு பஸ்ஸில் லேபுக்குப் போய்ச் சேர்ந்தபோது நன்றாக வெயில் ஏறிவிட்டது. வெறும் வயிற்றுக் கூட்டம் என்னைக் கொலை செய்கிற மாதிரி பார்த்தது. முதலாளியம்மா, "வெள்ளிக்கிழமைக்குள்ள சரி பண்ணிக்கம்மா. இல்லன்னா நான் வேற ஆளத்தான் பாக்கணும்" என்றார். அவர் மேல் தப்பு சொல்ல முடியாது.

ஸ்கிரீன்ஷாட்டில் தெரிந்த இணைப்பை எழுத்து எழுத்தாக என் போனில் அடித்துத் திறந்து அந்த அபராத டிக்கெட்டை முழுதாகப் பார்த்தேன். பார்க்கப் பார்க்க எனக்கு ஆத்திரம் ஏறியது. இடம் என்று கேட்டிருந்த கட்டத்தில் "பஸ் ஸ்டாண்டு" என்று இருந்தது, அவ்வளவுதான். எந்தப் பக்கம், எந்தக் கடைக்கு எதிரே, ஒன்றும் இல்லை. வண்டி ஓட்டியவர் பெயரில் ஒரு கோடு. நிறம் என்ற இடம் காலி. படம் இருக்க வேண்டிய இடத்தில் படமே இல்லை. எங்கள் லேபில் ஒரு ரத்தக் குழாயில் நான் இப்படி எழுதி ஒட்டினால் அன்றைக்கே என்னை வெளியே தள்ளிவிடுவார்கள். ரத்தம் எடுக்கும் முன்னால் பெயரைக் கேட்பேன், எடுத்த பிறகு மறுபடியும் கேட்டுக்கொண்டு எழுதுவேன். "இப்பத்தானே சொன்னேன்?" என்று எரிந்து விழுவார்கள். விழட்டும். குழாயில் பெயர் மாறினால் ஒருவர் சர்க்கரைக்கு இன்னொருவர் மாத்திரை விழுங்குவார். டிக்கெட் போட்ட மனுஷன் பாதிக் கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு பட்டனை அழுத்திவிட்டுப் போயிருக்கிறார், என் வீட்டில் சாவி படத்துக்கு முன்னால் போய் உட்கார்ந்துவிட்டது.

வரவேற்பில் உட்கார்ந்திருக்கும் பெண் எட்டிப் பார்த்துவிட்டு, "கட்டித் தொலைங்கக்கா. இதுக்குப் போயி அலைவாங்களா?" என்றாள். நான் பேசிய எல்லோரும் இதையேதான் சொன்னார்கள். சைக்கிள் ஸ்டாண்டுக்காரரிடம் போய், ஞாயிற்றுக்கிழமை என் வண்டி இங்கே இருந்தது என்று யாராவது சொல்ல முடியுமா, கேமரா இருக்கிறதா என்று கேட்டேன். "கேமராவா? மேல கூரையே ஒழுகுது தங்கச்சி" என்று சிரித்தார். டோக்கனைத் திருப்பிக் கொடுத்துத்தானே வண்டியை எடுக்கிறோம், அது என்னிடம் எப்படி இருக்கும்? பஸ் டிக்கெட்டைத் தேடிக் கைப்பையைத் தலைகீழாகக் கொட்டினேன். இறங்கும்போதே கசக்கிப் போட்டிருப்பேன். யார்தான் அதை வைத்துக்கொண்டிருக்கிறார்கள்?

மத்தியானம் அனுமதி கேட்டுக்கொண்டு அந்த ஊருக்கு பஸ் ஏறினேன். வழி முழுக்க லாரிகள். எங்கள் பஸ்ஸை ஒட்டி ஒரு கல் லாரி முந்திப் போனபோது ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. மாமியார் சொன்னதில் ஒன்றும் தப்பில்லை என்று அப்போதும் தோன்றியது. இந்த ரோட்டில் ஸ்கூட்டரில் போகிறவள் நான் இல்லை, எனக்கும் பயம் உண்டு. அதையாவது அவர்கள் யோசித்திருக்கலாம்.

போலீஸ் ஸ்டேஷனில் ரைட்டர் மட்டும் இருந்தார். நின்றபடியே சொன்னேன். பாதி கேட்டார்.

"டிக்கெட்டு போட்டது எஸ்.எஸ்.ஐ. அவரு பந்தோபஸ்து போயிருக்காரு. படம் இருந்தா டிக்கெட்டு போடற மெஷின்லதான் இருக்கும், மெஷின் அவருகிட்ட."

"எப்ப சார் வருவாரு?"

"வியாழக்கிழம வாங்க. வந்தாலும் வருவாரு. எதுக்கும்மா இவ்ளோ சிரமம்? கட்டிட்டுப் போங்களேன்."

வீட்டுக்கு வந்து மாமியாரிடம் நடந்ததைச் சொன்னேன். "ஸ்டேஷனுக்குப் போயிட்டு வரேன் அத்தை. பஸ்லதான் போனேன், பஸ்லதான் வந்தேன்" என்றேன்.

"எதுல போனா என்ன? நீ சொல்றதத்தான நான் கேட்டுக்கணும்" என்றார்.

அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. பசி இல்லை என்று சொன்னேன். அதையும் அவர் நம்பவில்லை என்றுதான் நினைக்கிறேன். புதன்கிழமை முழுக்க என் கணவர் போனில் அம்மாவிடம் மட்டும் பேசினார். என்னிடம் கொடுத்தபோது, "சாப்டியா?" என்று கேட்டார். "சாப்பிட்டேன்" என்றேன். அதோடு சரி.

வியாழக்கிழமை எஸ்.எஸ்.ஐ. இருந்தார். ரிட்டயர்மெண்டை எட்டிப் பிடிக்கிற வயது. கண்ணாடியை நெற்றிக்கு மேலே ஏற்றி வைத்துக்கொண்டு டீ குடித்துக்கொண்டிருந்தார். நான் டிக்கெட்டின் பிரதியை மேசையில் வைத்தேன்.

"சார், இந்த வண்டி ஞாயித்துக்கிழமை இங்க நிக்கல. பெரம்பலூர்ல நின்னுச்சு."

அவர் பேப்பரைத் தொடவில்லை. "நான் இதுவரைக்கும் டிக்கெட்டு போட்ட வண்டி ஒண்ணுகூட அங்க நின்னதில்லம்மா. எல்லாம் பறந்துக்கிட்டு இருந்துச்சு" என்றார். ரைட்டர் சிரித்தார்.

எனக்குக் காது சூடாகிவிட்டது. "சிரிக்கறதுக்கு ஒண்ணும் இல்ல சார். எடம்னு கேட்டா பஸ் ஸ்டாண்டுங்கறீங்க. நெறம் எழுதல. ஓட்டுனவங்க பேரு எழுதல. படம் போடல. இதுக்குப் பேரு டிக்கெட்டா? நாங்க ரத்தம் எடுக்கறவங்க. இப்படி எழுதினா ஆளு செத்துடுவாங்க சார்."

நான் சத்தமாகத்தான் பேசியிருக்க வேண்டும். வாசலில் நின்றவர் எட்டிப் பார்த்தார். எஸ்.எஸ்.ஐ. டம்ளரைக் கீழே வைத்தார். ஒரு நிமிடம் என்னை உள்ளே உட்கார வைத்துவிடுவாரோ என்று பயந்தேன். அவர் இழுப்பறையிலிருந்து மெஷினை எடுத்தார்.

"நம்பரச் சொல்லு."

சொன்னேன். தட்டினார். கண்ணாடியை இறக்கிப் பார்த்தார்.

"அடடே. இது கட்டியாச்சேம்மா."

"என்னது சார்?"

"பணம் கட்டியாச்சு. ஆன்லைன்ல. திங்கக்கெழம காலையிலயே கட்டியிருக்கு, நெட்டுல ஏறத்தான் நாளாவும். அப்புறம் எதுக்கு இந்தச் சத்தம்? முடிஞ்சுபோச்சு, வூட்டுக்குப் போ."

திங்கட்கிழமை காலை. எனக்கு ஸ்கிரீன்ஷாட் அனுப்பியதும் கட்டியிருக்கிறார், அல்லது கட்டிவிட்டுத்தான் அனுப்பியிருக்கிறார். சாயங்காலம் "கட்டிடாதீங்க" என்று நான் சொன்னபோது "ம்" என்றாரே, அந்த "ம்"முக்கு முன்னாலேயே எல்லாம் முடிந்திருக்கிறது. நான் என்ன சொல்கிறேன் என்று கேட்பதற்கு முன்னாலேயே நான் போனேன் என்று முடிவு செய்துவிட்டார். சிங்கப்பூரில் உட்கார்ந்துகொண்டு என் சார்பில் நான் செய்யாத தப்பை ஒத்துக்கொண்டிருக்கிறார்.

பேப்பரை எடுத்துக்கொண்டு வாசல் வரைக்கும் போனேன். வெளியே பஸ் ஹாரன் கேட்டது. அந்த பஸ்ஸில் ஏறியிருந்தால் வெள்ளிக்கிழமை வண்டி போயிருக்கும், நானும் சும்மா இருந்திருப்பேன். திரும்பி உள்ளே வந்தேன்.

"படத்தக் காட்டுங்க சார்."

"கட்டின டிக்கெட்டுக்குப் படம் எதுக்கும்மா?"

"கட்டினது நான் இல்ல சார். எனக்குப் படம் வேணும்."

என் முகத்தில் என்ன இருந்ததோ, அவர் மறுத்துப் பேசவில்லை. மெஷினை ஜன்னல் வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்தார். தேய்த்தார், தேய்த்தார். பிறகு கை நின்றது. கண்ணாடியைக் கழற்றிச் சட்டையில் துடைத்து மறுபடி போட்டுக்கொண்டார். மெஷினை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு ரைட்டரைப் பார்த்தார்.

"காட்டுங்க சார்" என்றேன்.

அது என் வண்டி இல்லை. என் வண்டி மெரூன். படத்தில் நின்றது கறுப்பு ஸ்கூட்டர், கால் வைக்கிற இடத்தில் ஒரு மூட்டை மாட்டுத் தீவனம். எனக்கு மாடே கிடையாது. நம்பர் பிளேட் நன்றாகத் தெரிந்தது. நடுவில் இருக்கும் எழுத்துகளும் கடைசி நான்கு எண்களும் என்னுடையவைதான். முன்னால் மட்டும் 61.

எங்கள் பக்கம் இருப்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டியதில்லை. பெரம்பலூர் வண்டி என்றால் 46, அரியலூர் வண்டி என்றால் 61. கல்யாண மண்டபத்து வாசலில் நிற்கும் வண்டிகளைப் பார்த்தே எது பெண் வீடு, எது மாப்பிள்ளை வீடு என்று சொல்லிவிடுவோம். என் கல்யாணத்தில் ஒரு பக்கம் முழுக்க 61, இன்னொரு பக்கம் முழுக்க 46. நான் 61-இல் பிறந்து 46-க்கு வாக்கப்பட்டவள். இரண்டும் ஒரே மாவட்டமாக இருந்த காலமும் உண்டு, போலீஸ்காரர்கள் இங்கேயும் அங்கேயும் மாறிக்கொண்டே இருப்பார்கள்.

"கைப் பழக்கம்மா" என்றார் எஸ்.எஸ்.ஐ. குரல் இறங்கியிருந்தது. "சர்வீஸ்ல பாதி பெரம்பலூர்ப் பக்கமே போச்சு. 46 அடிச்சு அடிச்சு, வெரலு தானா அங்க போயிடுது. அடிச்ச ஒடனே ஸ்கூட்டருன்னு வந்துச்சு, இங்க நின்னதும் ஸ்கூட்டரு. நான் அப்புறம் பாக்கல."

ரைட்டர் மறுபடி சிரிக்க ஆரம்பித்து என்னைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார்.

"கேன்சல் பண்ணுங்க சார்."

"கட்டினதக் கேன்சல் பண்ண மேல எழுதி அனுப்பணும். பணம் வர நாளாவும். இதுவரைக்கும் யாரும் இப்படிக் கேட்டதில்ல."

"பணம் எனக்கு வேணாம். ஞாயித்துக்கிழம என் வண்டி இங்க நிக்கலன்னு எழுதி, சீல் போட்டுக் குடுங்க. இன்னிக்கே வேணும்."

அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "வூட்டுல எதாச்சும் பிரச்சினையாம்மா?" என்று கேட்டார்.

அந்த வாரத்தில் என்னிடம் யாரும் அப்படிக் கேட்டிருக்கவில்லை. அழுகை வந்துவிட்டது. யார் மேல் அத்தனை கோபமாக வந்தேனோ அவர் முன்னாலேயே நின்று அழுதேன், எனக்கே வெட்கமாக இருந்தது. அவர் எனக்கு ஒரு டீ சொன்னார். மேலே அனுப்ப ஒரு கடிதமும் எனக்கு ஒரு கடிதமும் தன் கையாலேயே எழுதினார். இந்தத் தடவை ஒரு கட்டத்தையும் காலியாக விடவில்லை. மெஷினில் இருந்த படத்தை என் போனில் எடுத்துக்கொள்ள விட்டார்.

பஸ் ஸ்டாண்டில் நின்றுகொண்டு அந்தப் படத்தை என் கணவருக்கு அனுப்பினேன். நானும் கூட ஒன்றும் எழுதவில்லை.

பஸ் கிளம்பியதும் கூப்பிட்டார். சிரிப்பு. அத்தனை நாள் காணாமல் போயிருந்த அவருடைய பழைய குரல்.

"அட, 61! மாட்டுத் தீவனம் வேறயா? நல்லவேள புள்ள. அப்ப நீ போவலதான்."

"திங்கக்கெழமையே கட்டிட்டீங்களா?"

சிரிப்பு நின்றது. "யாரு சொன்னா?"

"போலீஸ்காரரு சொன்னாரு. புருஷன் சொல்லல, அவரு சொன்னாரு."

"அதுக்கில்ல. நீ போயிருந்தாலும் பரவால்லன்னுதான் கட்டினேன். உங்கம்மாவப் பாக்கத்தான போன. ஒரு தடவ ஆசப்பட்டு வண்டில போயிட்ட, சொல்லப் பயந்துக்கிட்டு இருக்கன்னு நெனச்சேன். பெருசு பண்ண வேணாம்னு நானே கட்டிட்டேன். நல்லதுக்குத்தான."

அவர் நிஜமாகவே அதை நல்லது என்றுதான் நினைத்தார். அதுதான் எனக்கு ஆறவில்லை. சந்தேகப்பட்டுத் திட்டியிருந்தால் நான் நிரூபித்துவிட்டு நிமிர்ந்து நின்றிருப்பேன். இவர் என்னைக் குற்றவாளி என்று முடிவு செய்து, மன்னித்தும் முடித்துவிட்டு, அந்தப் பெருந்தன்மையோடு "சாப்டியா" என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார்.

"நான் பஸ்ல போனேன்னு திங்கக்கெழம சொன்னேன்ல? அப்ப அது என்னான்னு நெனச்சீங்க?" என்று கேட்டேன். பக்கத்து சீட்டில் இருந்த வயதான அம்மா ஒருவர் திரும்பிப் பார்த்தார். ஒரு லாரி கடந்து போகும் வரை பதிலுக்குக் காத்திருந்துவிட்டு நானே வைத்துவிட்டேன்.

வீட்டில் மாமியார் கடிதத்தை வாங்கி சீல் இருந்த இடத்தை விரலால் தடவிப் பார்த்தார். அவருக்குப் படிக்கத் தெரியாது. போனில் இருந்த படத்தைப் பெரிதாக்கிக் காட்டினேன். கறுப்பு வண்டியையும் மூட்டையையும் ரொம்ப நேரம் பார்த்தார்.

"அப்ப நீ அந்த ரோட்டுல வண்டில போவல."

"போவல அத்தை."

"நாலு நாளாக் கண்ண மூடினா நீ லாரிக்குப் பக்கத்துல போற மாதிரியே இருக்கு. மொதல்லயே சொல்லியிருந்தா நான் எதுக்கு இந்தப் பாடு படறேன்?"

"மொதல்லயே சொன்னேன் அத்தை."

அவர் எழுந்து போய்ப் படத்துக்கு முன்னால் இருந்த சாவியை எடுத்து வந்து என் டிபன் பாக்ஸ் மேல் வைத்தார். அவர் மேல் எனக்குக் கோபம் போய்விட்டது. அவருடையது பயம், அது எனக்குப் புரிகிறது. வெள்ளிக்கிழமை அவர் தங்கை மகன் வந்து, கோழிக் குழம்பு சாப்பிட்டுவிட்டு, பஸ்ஸிலேயே திரும்பிப் போனான். நான் ஏழு மணிக்கு லேபில் இருந்தேன்.

அபராதம் ரத்து ஆனதாகப் பிற்பாடு என் கணவருக்கு மெசேஜ் வந்ததாம். "பாத்தியா, எல்லாம் கிளியர்" என்று அனுப்பினார், இந்தத் தடவை எழுத்தோடு. நான் கட்டை விரலைக் காட்டும் படத்தைப் பதிலுக்கு அனுப்பினேன்.

அடுத்த தடவை அவர் லீவில் வந்தபோது இரண்டு பேரும் கீழப்பழுவூர் போனோம், வழக்கம்போல வண்டியைப் பெரம்பலூரில் போட்டுவிட்டு பஸ்ஸில். அரியலூரில் இறங்கி பூ வாங்கச் சில்லறை இல்லை என்று என் கைப்பையை வாங்கித் திறந்தார். உள்பையிலிருந்து காகிதமாகக் கீழே கொட்டியது. எல்லாம் பஸ் டிக்கெட். அந்த அபராதத்துக்கு அப்புறம் அம்மாவைப் பார்க்கப் போன ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும், போனது, வந்தது. சிலதில் மை முழுக்க அழிந்து வெறும் வெள்ளைத் தாளாகிவிட்டது. அப்படியும் தூக்கிப் போட எனக்கு மனசு வரவில்லை.

"எதுக்கு புள்ள இவ்ளோ டிக்கெட்ட வச்சிருக்க?"

"நீங்க கேட்டா காட்டறதுக்கு" என்றேன்.

கிண்டல் பண்ணுகிறேன் என்று நினைத்துச் சிரிக்கப் போனவர் என் முகத்தைப் பார்த்தார். இனிமேல் இதெல்லாம் வேண்டாம், தூக்கிப் போடு என்று சொல்வார் என்று நான் காத்திருந்தேன். அந்த ஒரு வார்த்தைக்காக நிஜமாகவே காத்திருந்தேன். அவர் கீழே விழுந்த டிக்கெட்டுகளைக் குனிந்து ஒவ்வொன்றாகப் பொறுக்கினார். மண்ணைத் தட்டினார். எல்லாவற்றையும் சேர்த்து மடித்துப் பழையபடி என் பையிலேயே வைத்து ஜிப்பை மூடினார்.